லெண்டிகுலர் விளம்பர அச்சு: லென்ஸ் தேர்விலிருந்து ஒட்டி வெட்டும் வரை முழு வழிகாட்டி

கையில் பிடித்துச் சாய்த்தால் ஒரு படம் இன்னொன்றாக மாறும் அட்டையைப் பார்க்காதவர் குறைவு. நகத்தால் கீறினால் 'சர்ர்' என்று ஒலிக்கும் அந்த வரிவரியான பிளாஸ்டிக்தான் லெண்டிகுலர் ஷீட். முன்பக்கத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு நீள உருளை லென்ஸ், பின்பக்கம் தட்டை. அதன் பின்னே இருக்கும் அச்சு பல படங்களை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மாற்றி மாற்றி அடுக்கியது. நாம் எந்தக் கோணத்தில் நிற்கிறோமோ, அந்தக் கோணத்துக்குரிய கீற்றுகளை மட்டும் லென்ஸ்கள் பெருக்கிக் காட்டுகின்றன. மற்றவை கண்ணுக்குப் படாமல் போகின்றன.

விளம்பரத்துக்கு இது புதியதும் அல்ல. 1952 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஐசன்ஹோவரின் முகமும் 'ஐ லைக் ஐக்' என்ற வாசகமும் மாறி மாறித் தெரியும் பேட்ஜ் சட்டைகளில் குத்தப்பட்டது. இன்றுவரை மாறாத ஒரு விஷயம்: கெட்டுப்போகும் லெண்டிகுலர் வேலைகளில் பெரும்பாலானவை அச்சு எந்திரத்தில் கெடுவதில்லை. பார்ப்பவர் எங்கே நின்று, எப்படி நகர்வார் என்று கேட்காமலே டிசைனை முடித்துவிடுவதில் கெடுகின்றன.

முதலில் கேட்க வேண்டியது: யார் நகர்கிறார்?

பெரும்பாலும் இரண்டே சாத்தியங்கள். ஒன்று, பொருள் நகரும்: விசிட்டிங் கார்டு, தபால் அட்டை, ஸ்கேல், பெட்டியின் மூடி. மற்றொன்று, ஆள் நகர்வார்: சுவர் போஸ்டர், பேருந்து நிழற்குடை லைட்பாக்ஸ், கடை அலமாரிப் பலகை.

கையில் பிடிக்கும் அட்டையில் படம் மாற வேண்டும் என்றால் லென்ஸ் வரிகள் கிடைமட்டமாக ஓட வேண்டும். காரணம் நம் இரு கண்கள். அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி இருக்கிறது. 45 டிகிரி பார்வைக் கோணமுள்ள லென்ஸை 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால், எல்லா ஃபிரேம்களும் (கீற்றாக நறுக்கி அடுக்கிய தனித்தனிப் படங்கள்) சுமார் 33 செ.மீ. அகலத்துக்குள் விரிந்து நிற்கும். வரிகள் செங்குத்தாக இருந்தால் இரு கண்களும் அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கின்றன. 12 ஃபிரேம் வேலையில் இடக்கண் 4-ஆம் ஃபிரேமைப் பார்க்கும்போது வலக்கண் 6-ஐத் தாண்டியிருக்கும். அசைவு தெரியாது, கலங்கல்தான் தெரியும். வரிகளைக் கிடையாகத் திருப்பினால் இரு கண்களும் ஒரே ஃபிரேமைப் பார்க்கும். அட்டையை மேலும் கீழும் சாய்த்தால் படம் சுத்தமாக மாறும்.

முப்பரிமாணத்துக்கு இதே கணக்கு தலைகீழ். இரு கண்களும் வெவ்வேறு ஃபிரேமைப் பார்த்தால்தான் ஆழம் தெரியும். எனவே 3டி என்றால் வரிகள் செங்குத்து, இதற்கு விதிவிலக்கு கிடையாது.

நடந்து கடப்பவருக்கான போஸ்டரிலும் வரிகள் செங்குத்துதான், ஏனென்றால் அவர் பக்கவாட்டில் நகர்கிறார். 2 மீட்டர் தூரத்தில் 45 டிகிரி என்பது சுமார் 1.65 மீட்டர் நடை. இரண்டு படம் மாறும் வேலையில் ஒவ்வொன்றுக்கும் 80 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். கண்கள் இரண்டும் வேறு வேறு படம் பார்க்கும் குழப்பப் பகுதி வெறும் 6.5 செ.மீ. தூரம் கூடக் கூட மொத்த நடையில் இந்தக் குழப்பத்தின் பங்கு சுருங்கும். அதனால்தான் கையில் மோசமாகத் தெரியும் செங்குத்து வரி, சுவரில் நன்றாக வேலை செய்கிறது.

ஆள் நகராமலும் ஒரு வேலை உண்டு. ஸ்பெயினின் அனார் அறக்கட்டளை 2013-இல் வைத்த தெருவோர விளம்பரம், பார்ப்பவரின் உயரத்தைப் பயன்படுத்தியது. பெரியவர்களுக்குச் சோகமான ஒரு சிறுவனின் முகம் தெரிந்தது. சுமார் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் அதே முகம் காயங்களோடு, உதவி எண்ணோடு தெரிந்தது. துன்புறுத்துபவர் அருகிலேயே நின்றாலும் குழந்தைக்குச் செய்தி போய்ச் சேரும். லெண்டிகுலரைத் தவிர வேறு எந்த அச்சாலும் செய்ய முடியாத வேலை அது. வெறும் பளபளப்புக்காக இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒருமுறை இதை நினைத்துப் பார்க்கலாம்.

லென்ஸ் தேர்வு

லென்ஸைக் குறிக்கும் முதல் எண் எல்பிஐ: ஓர் அங்குலத்தில் எத்தனை வரி. கூடக் கூட வரி மெல்லியது, ஷீட்டும் மெல்லியது.

கையில் பிடிக்கும் பொருள்களுக்கு 75 அல்லது 100 எல்பிஐ. 75-இன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 100 இன்னும் மெல்லியது. ஏ4, ஏ3 அளவில் இன்க்ஜெட்டில் அச்சிட்டு ஒட்டுபவர்களுக்கு 60 எல்பிஐ வசதி. 1 முதல் 3 மீட்டர் வரை பார்க்கும் போஸ்டருக்கு 40. அதற்கும் அப்பால் 20. கட்டட அளவு வேலைக்கு 10 அல்லது 15. 10 எல்பிஐயில் ஒரு வரியே 2.54 மி.மீ. அகலம், கிட்டே நின்றால் வரிகள் மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது எண் பார்வைக் கோணம். ஒரே 40 எல்பிஐ இரண்டு வகையாகக் கிடைக்கும்: 2 மி.மீ. அளவு தடித்தது, கோணம் 25 டிகிரியைச் சுற்றி, 1 மி.மீ.க்குக் குறைந்தது, கோணம் 50 டிகிரியைச் சுற்றி. குறுகிய கோணம் 3டிக்கு: ஃபிரேம்கள் நெருக்கமாக நிற்பதால் ஆழம் வழவழப்பாகத் தெரியும். அகன்ற கோணம் படம் மாறும் வேலைக்கு. 3டி லென்ஸில் ஃபிளிப் (ஒரு படம் இன்னொன்றாக மாறும் வேலை) செய்தால், ஆள் கொஞ்சம் நகர்ந்தாலே படம் மாறி எரிச்சலூட்டும்.

லென்ஸ் வாங்கும்போது ஒரே பேட்ச்சிலிருந்து முழு வேலைக்கும், 10 சதவீதம் கூடுதலாகவும் வாங்குங்கள். பேட்ச் மாறினால் பிட்ச், அதாவது வரிகளின் துல்லியமான இடைவெளி, மாறும். அதன் விளைவு கீழே.

படம் தயாரிப்பு

எத்தனை ஃபிரேம் என்பது உங்கள் விருப்பம் அல்ல, ஒரு வகுத்தல்: பிரிண்டரின் டிபிஐயை (ஓர் அங்குலத்தில் எத்தனை அச்சுப் புள்ளி) எல்பிஐயால் வகுங்கள். 720 டிபிஐயில் 60 எல்பிஐ என்றால் 12 ஃபிரேம். 1440-இல் 40 என்றால் 36. ஆஃப்செட் பிளேட் 2400-இல் 75 என்றால் 32. இது உச்ச வரம்பு. மை பரவும் தாளில் இதில் பாதியைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

ஃபிளிப்: இரண்டு படம் என்றால் மிகச் சுத்தம். மூன்று தாங்கும். நான்கில் எழுத்து இருந்தால் வேண்டாம். 12 ஃபிரேம் இருந்தால் முதல் படத்தை 6 முறை, இரண்டாவதை 6 முறை வையுங்கள். இங்கே பெரிய எதிரி கோஸ்டிங், அதாவது ஒன்றின் மேல் மற்றொன்றின் சாயல் படிவது. எந்த லென்ஸும் அடுத்த கீற்றின் வெளிச்சத்தை முழுதாக மறைக்காது, கொஞ்சம் கசியும். கசிவு தெரியாமல் பார்த்துக்கொள்வது டிசைனரின் வேலை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அடுத்த படத்தில் வெறும் வெள்ளை — இதைவிட மோசமான தேர்வு கிடையாது. இரண்டு படத்துக்கும் ஒரே பின்னணி வையுங்கள், அது நடுத்தர அடர்த்தியில், கொஞ்சம் அமளியாக இருக்கட்டும். முதல் படத்தின் கனமான பகுதி இருக்கும் இடத்திலேயே இரண்டாவதன் கனமான பகுதியும் வரட்டும். லோகோ மாற வேண்டியதில்லை என்றால் எல்லா ஃபிரேமிலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கட்டும்.

அசைவு: 6 முதல் 12 ஃபிரேம் போதும். ஒரே ஒரு பொருள் அசையட்டும், குறைந்த தூரம் அசையட்டும். கடைசி ஃபிரேமுக்குப் பிறகு படம் சட்டென முதல் ஃபிரேமுக்குத் தாவும்; அந்தத் தாவலை மறைக்க, போய்த் திரும்பும் அசைவாக அமையுங்கள். கண் சிமிட்டல், கை அசைப்பு, ஊற்றும் பானம் எல்லாம் பொருந்தும். ஓடும் கார் பொருந்தாது.

3டி: சாதாரணப் படத்தைப் போட்டோஷாப்பில் லேயர்களாகப் பிரித்தும் செய்யலாம், 3டி மென்பொருளில் கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தியும் செய்யலாம். முதலில் அசையாத் தளம் எது என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தளத்தில் இருப்பது எந்த ஃபிரேமிலும் நகராது, எனவே கூர்மையாகத் தெரியும். லோகோ, எழுத்து, முகம் ஆகியவற்றின் இடம் அதுதான். பார்வை வலப்பக்கம் நகரும்போது பின்னால் உள்ளவை வலப்பக்கமும், முன்னால் உள்ளவை இடப்பக்கமும் நகர வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? தொடங்குவதற்கு ஒரு கணக்கு: அடுத்தடுத்த இரு ஃபிரேம்களுக்கு இடையே மிகத் தூரத்திலுள்ள லேயர் ஒரு லென்ஸ் வரியின் அகலத்துக்கு மேல் நகரக் கூடாது. 40 எல்பிஐயில் ஒரு வரி 0.635 மி.மீ. 18 ஃபிரேமில் ஒவ்வொன்றுக்கும் 0.4 மி.மீ. நகர்த்தினால் மொத்த நகர்வு 6.8 மி.மீ. பின்னணியை இதற்கேற்ப இருபுறமும் அகலமாக எடுங்கள். முன் லேயர்கள் விலகும்போது ஓட்டை தெரியாதபடி அவற்றின் பின்னே படத்தை நிரப்புங்கள். நேரத்தை விழுங்குவது இந்த நிரப்பல்தான். முன்னால் துருத்தி நிற்கும் பொருளை ஓரத்தில் வெட்டுப்படும்படி வைக்காதீர்கள்; 'முன்னால் இருக்கிறது' என்று ஆழமும், 'சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது' என்று ஓரமும் சொன்னால் கண் குழம்பிவிடும்.

பிட்ச் டெஸ்ட்

எங்கே அவசரப்பட்டாலும் இங்கே அவசரப்படக் கூடாது. பெட்டியில் '75 எல்பிஐ' என்று எழுதியிருப்பது பெயர்தான், அளவு அல்ல. உண்மையில் 74.8 இருக்கலாம், 75.1 இருக்கலாம். 0.1 வித்தியாசம் பெரிதா? 12 அங்குல அகலத்தில் 0.1 பிசகினால் 1.2 வரி நழுவும். அதாவது இடது ஓரத்தில் முதல் ஃபிரேம் தெரியும்போது நடுவில் வேறு ஃபிரேம், வலது ஓரத்தில் மறுபடி முதல் ஃபிரேம். படம் முழுக்கப் பட்டை பட்டையாக உடைந்துவிடும்.

லென்ஸே சரியாக 40 எல்பிஐ என்றாலும் அச்சை 40-இல் போடக் கூடாது. கண் ஓரிடத்தில் இருக்கிறது. ஓர லென்ஸ்களைச் சாய்வாகப் பார்க்கிறது. அந்தச் சாய்வை ஈடுகட்ட, அச்சின் இடைவெளி லென்ஸின் இடைவெளியைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். தடிமனை, பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கிய பார்வைத் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு என்று கிடைக்கும். 2 மி.மீ. தடிமன், ஒளிவிலகல் எண் 1.57, தூரம் 1500 மி.மீ. என்றால் விடை 0.00085. 40 என்பது 39.966 ஆகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு மீட்டர் போஸ்டரில் அது 0.85 மி.மீ., ஒரு முழு வரியைவிடவே அதிகம். எனவே பார்வைத் தூரம் மாறினால் பிட்ச்சும் மாறும். மேசையில் சரிபார்த்த போஸ்டர் சுவரில் ஏறியதும் உடைவது இதனால்தான்.

செய்யும் முறை:

1. உங்கள் இன்டர்லேஸ் மென்பொருளில் (ஃபிரேம்களைக் கீற்றாக்கி அடுக்கும் மென்பொருள்) பிட்ச் டெஸ்ட் பக்கம் உருவாக்குங்கள். கறுப்பு-வெள்ளைக் கோடுகளாலான ஒவ்வொரு வரிசையும் ஒரு எல்பிஐ மதிப்பு. பெட்டியில் உள்ள எண்ணுக்கு இருபுறமும் 0.5 வரை, 0.1 இடைவெளியில்.
2. இறுதி வேலைக்கு உரிய அதே பிரிண்டர், அதே தாள், அதே டிபிஐ, அதே திசையில் அச்சிடுங்கள். மை முழுதாகக் காயட்டும்.
3. லென்ஸை மேலே வைத்து அழுத்தி, கோடுகளுக்கு இணையாகத் திருப்புங்கள். உண்மையான பார்வைத் தூரத்தில், நடுவுக்கு நேராக நின்று, ஒரு கண்ணை மூடுங்கள்.
4. தலையை மெல்ல நகர்த்துங்கள். முழு அகலமும் ஒரே நேரத்தில் கறுத்து, ஒரே நேரத்தில் வெளுக்கும் வரிசைதான் உங்கள் மதிப்பு.
5. அதைச் சுற்றி 0.01 அல்லது 0.02 இடைவெளியில் இரண்டாவது பக்கம் அச்சிட்டு, மறுபடி பாருங்கள்.

தெரியும் பட்டைகளின் எண்ணிக்கை, எல்பிஐ பிசகை அகலத்தின் அங்குலத்தால் பெருக்கியதற்குச் சமம். 10 அங்குலத் துண்டில் ஒரு பட்டை என்றால் பிசகு 0.1. ஆகவே சின்னத் துண்டில் சோதித்துவிட்டுப் பெரிய போஸ்டர் போடாதீர்கள். சோதனையும் முழு அகலத்தில் இருக்கட்டும்.

இன்டர்லேஸ்

கண்டுபிடித்த மதிப்பை மென்பொருளில் கொடுத்தால் ஃபிரேம்களைக் கீற்றாக்கி அடுக்கிவிடும். இரண்டு படம் மட்டுமே என்றால் போட்டோஷாப்பிலேயே செய்யலாம்: 12 பிக்சல் அகலத்தில் 6 கறுப்பு, 6 வெள்ளை கொண்ட பேட்டர்ன் ஒன்றை உருவாக்கி, மேல் லேயரின் மாஸ்க்கில் நிரப்புங்கள். கிடைமட்ட வரி என்றால் பேட்டர்னும் மேலிருந்து கீழாக அடுக்கப்பட வேண்டும்.

வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு லென்ஸும் தன் பின்னே இருப்பதை இடவலம் மாற்றிக் காட்டுகிறது. இடப்பக்கம் நிற்பவர் வலது கீற்றைப் பார்க்கிறார். எனவே 3டியில் இடக்கோடிப் பார்வை, ஒவ்வொரு வரியின் வலக்கோடியில் இருக்க வேண்டும். தவறினால் மூக்கு உள்ளே போய், பின்னணி முன்னே வரும்.

கோப்பைச் சுருக்கமில்லாத டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் கீற்றுகளைக் கலந்துவிடும். இதற்குப் பிறகு அளவை மாற்றக் கூடாது. பிரிண்டரின் டிபிஐக்குப் பொருத்தியே ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பிக்சலை அப்படியே எடுக்கும் முறையில் (நியரஸ்ட் நெய்பர்) மட்டும். வெட்டு ஓரத்துக்கு வெளியே 5 முதல் 10 மி.மீ. கூடுதல் படமும், அதற்கும் வெளியே இருபுறமும் நேர்ப்படுத்தும் கோட்டுப் பட்டையும் சேர்த்துவிடுங்கள்.

அச்சு

சில பத்து போஸ்டர் என்றால் இன்க்ஜெட்டில் போட்டோ தாளில் அச்சிட்டு லென்ஸில் ஒட்டுவது. ஆயிரக்கணக்கில் அட்டை என்றால் யூவி ஆஃப்செட்டில் (புற ஊதா ஒளியில் மை உலரும் ஆஃப்செட்) லென்ஸின் பின்பக்கமே நேரடியாக அச்சிடுவது. இடைப்பட்டதற்கு, ஷீட்டைத் தட்டையாகக் கிடத்தி அச்சிடும் யூவி ஃபிளாட்பெட்.

இன்க்ஜெட்டில் கீற்றுகள், தாள் ஓடும் திசைக்கு இணையாக இருக்கட்டும். அப்போது பிட்ச், பிரிண்ட் ஹெட் பக்கவாட்டில் ஓடுவதன் துல்லியத்தை நம்பியிருக்கும். தாளை இழுக்கும் உருளைகளைவிட அது நம்பகமானது. ஹெட் ஒரு பக்கம் ஓடும்போது மட்டும் அச்சிடும் 'ஒரு திசை அச்சை'த் தேர்ந்தெடுங்கள், நேரம் இருமடங்கானாலும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியை அணையுங்கள், 0.3 சதவீதம் சுருங்கினாலும் வேலை போச்சு.

நேரடி அச்சில் படம் இடவலம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். முதலில் நான்கு நிறங்கள், கடைசியில் வெள்ளை. முன்வெளிச்சத்தில் பார்க்கும் பொருளுக்கு இரண்டு அடுக்கு வெள்ளை. லைட்பாக்ஸ் என்றால் ஒளி ஊடுருவும் ஒரே மெல்லிய அடுக்கு. ஆஃப்செட்டில் வழக்கமான புள்ளித் திரை லென்ஸ் வரியோடு மோதி அலைக்கோலம் போடும். ஒரே அளவுப் புள்ளிகளை ஒழுங்கின்றி இறைக்கும் 10 முதல் 20 மைக்ரான் எஃப்எம் திரையே போட வேண்டும். 75 எல்பிஐயில் 24 ஃபிரேம் என்றால் ஒரு கீற்று 0.014 மி.மீ. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது (நிறப் பதிவு) அந்த அளவு விலகினால் ஒரு நிறம் பக்கத்து ஃபிரேமுக்குப் போய்விடும்.

ஒட்டுதல்

அச்சையும் லென்ஸையும் ஒரே அறையில் ஒரு நாள் கிடத்துங்கள். லென்ஸ் ஷீட்டின் பெட்-ஜி பிளாஸ்டிக் 10 டிகிரி வெப்ப மாற்றத்தில் மீட்டருக்குச் சுமார் 0.7 மி.மீ. விரியும், 40 எல்பிஐயில் அது ஒரு வரிக்கும் மேல். குளிர்சாதன அறையில் ஒட்டி வெயிலில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரிகிறது. தாளோ ஈரப்பதத்துக்கு விரியும்.

ஒளி ஊடுருவும் இருபுற ஒட்டுப்படலத்தை முதலில் லென்ஸின் பின்பக்கம் ஏற்றுங்கள். அச்சின் மேல் லென்ஸை வைத்து, ஓரப் பட்டைகள் முழு நீளத்துக்கும் ஒரே நிறமாகத் தெரியும்வரை திருப்புங்கள். பட்டை சாய்வாக உடைந்தால் கோணம் பிசகு. வரிக்கு இணையாக உடைந்தால் பிட்ச் பிசகு. முதலாவதைத் திருப்பிச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மறுபடி அச்சிடுவதைத் தவிர வழியில்லை, எவ்வளவு அழுத்தினாலும் சேராது. நேர்ப்பட்டதும் முன் ஓரத்தில் 2 செ.மீ. மட்டும் காப்புத் தாளை உரித்து ஒட்டி, குளிர் லேமினேட்டரில் மெதுவாக விடுங்கள். காப்புத் தாளை உருளைக்கு முன்னால் சற்றே உயர்த்திப் பிடித்தபடி உரித்துக்கொண்டே போங்கள். தூசி ஒன்று மாட்டினாலும் அதைச் சுற்றி வெள்ளி நிறப் புள்ளி நிற்கும்.

வெட்டுவதும் வைப்பதும்

ஒட்டி ஒரு நாள் கழித்து வெட்டுங்கள். வரிக்கு இணையாக வெட்டும்போது கத்தி பள்ளத்துக்குள் நழுவும். பின்பக்கத்திலிருந்து, இரும்பு அளவுகோலோடு வெட்டுங்கள். மடிப்பு வேண்டாம். மடித்த இடம் வெளுத்து உடையும். பெட்டியில் வர வேண்டும் என்றால் தட்டையான முகப்பில் தனித் துண்டாக ஒட்டுங்கள்.

மேலிருந்து விளக்கு விழும் இடத்தில் கிடைமட்ட வரி போஸ்டரைத் தவிருங்கள். ஒவ்வொரு வரியும் விளக்கை மேலும் கீழுமாக விசிறி, ஒரு வெள்ளைப் பட்டையைக் கண்ணில் அடிக்கும். செங்குத்து வரிக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஒட்டிய பிறகு தெரியும் கோளாறுகள்

படம் முழுக்கச் சாயல் படிந்தால் முதலில் டிசைனைச் சந்தேகியுங்கள், பிறகு மை பரவலை. நடுவில் நன்றாக இருந்து ஓரங்களில் மட்டும் வேறு படம் தெரிந்தால், சோதித்த தூரமும் வைத்த தூரமும் வேறு. கொஞ்சம் முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். ஏதோ ஒரு தூரத்தில் சரியாகத் தெரியும், அந்தத் தூரத்துக்குத்தான் நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். ஆழம் தலைகீழாக இருந்தால் ஃபிரேம் வரிசையைத் திருப்புங்கள். எழுத்து மட்டும் மங்கினால் அது அசையாத் தளத்தில் இல்லை, அல்லது மிகச் சிறியது. 75 எல்பிஐ அட்டையில் 10 பாயிண்ட்டுக்குக் குறைந்த எழுத்து, முனைக்கோடு உள்ள (செரிஃப்) எழுத்துரு இரண்டும் வேண்டாம்.

பார்கோடும் கியூஆர் கோடும் லென்ஸுக்கு அடியில் வைக்காதீர்கள். போன் கேமராவுக்குச் சாயலும் சேர்ந்தே தெரியும். ஒரு கோணத்தில் படிக்கும், அடுத்த கோணத்தில் படிக்காது. அட்டையின் பின்பக்கத்தில், வெறும் வெள்ளைத் தாளில் அச்சிட்டு விடுங்கள்.